கார் கையேட்டின் மூலையில் ஒளிந்திருக்கும் குளிர்காலம்

1920-களிலும் 30-களிலும் வட கனடாவின் உறைந்த ஏரிகளில் சிறு விமானங்களை இறக்கி, தபாலும் சரக்கும் சுமந்த விமானிகளுக்குப் பனிக்காலத்தில் தினமும் ஒரு மாலை வேலை இருந்தது. விமானம் நின்ற கையோடு, எஞ்சின் ஆறுவதற்குள், உள்ளே இருக்கும் ஆயிலை முழுக்க ஒரு டின்னில் வடித்துவிட வேண்டும். அந்த டின் இரவு முழுவதும் குடிலுக்குள் அடுப்பருகே இருக்கும். விடிந்ததும் எஞ்சினைக் கித்தான் துணியால் மூடி, அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சூடேற்றுவார்கள். பிறகு சூடான ஆயிலைத் திரும்ப ஊற்றினால்தான் முன்விசிறி சுழலும். ஆயிலை வடிக்க மறந்தவருக்கு அன்றைய பயணம் இல்லை.

கார்களுக்கு இதைவிட எளிய வழி ஒன்று வந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் வாழ்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சினின் ஒரு போல்ட்டுக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய மின்சூடேற்றியை வடிவமைத்து 1949-ல் காப்புரிமை பெற்றார். அதன் வழித்தோன்றல்கள்தான் இன்று வின்னிபெக், சஸ்கட்டூன், எட்மன்டன் நகரங்களில் கார்களின் முகப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் மின்வயர்கள். அந்த ஊர்களுக்குப் புதிதாகப் போகிறவர்கள் எல்லாக் கார்களும் மின்சாரக் கார்கள் என்று முதலில் நினைப்பதுண்டு. அவை பெட்ரோல் கார்கள்தான். இரவு முழுக்க எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க, வாகன நிறுத்தங்களில் நட்டிருக்கும் மின்கம்பங்களில் செருகி வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு ஆயிலை வடித்து வீட்டுக்குள் கொண்டுபோகும் அவசியம் யாருக்கும் இல்லை. ஆயிலின் வேதியியல் முன்னேறிவிட்டது, எஞ்சினும் நுட்பமாகிவிட்டது. ஆனால் குளிர்நாட்டில் காரை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்ற அறிவுரை மட்டும், காரோடு வரும் கையேட்டில், ‘கடுமையான பயன்பாடு’ என்ற தலைப்பின் கீழ் ஒரு மூலையில் கிடக்கிறது. கனடாவில் பெருவாரியான மக்களுக்கு ஆண்டில் நான்கைந்து மாதம் அந்தக் ‘கடுமை’தான் அன்றாடம். அங்கே விற்கும் காருக்கு அந்த அட்டவணையே முதல் பக்கத்தில் அச்சாக வேண்டும். ‘சாதாரணப் பயன்பாடு’ வேண்டுமானால் மூலைக்குப் போகட்டும்.

இது ஏன் என்று புரிய, குளிரில் ஆயிலுக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆயில் டப்பாவின் மேல் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று அச்சிட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். டபிள்யூ எழுத்துக்குப் பின்னால் வரும் எண், எஞ்சின் முழுச் சூட்டில் ஓடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கானது. முன்னால் வரும் எண் குளிருக்கானது. வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த தரவரிசையில் ஒவ்வொரு குளிர் எண்ணுக்கும் இரண்டு சோதனைகள் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு ஆயில் இளகியிருக்கிறதா என்பது ஒன்று. பம்ப் அதை உறிஞ்சி மேலே அனுப்ப முடிகிறதா என்பது இன்னொன்று. 0டபிள்யூ ஆயில் முதல் சோதனையில் மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், இரண்டாவதில் மைனஸ் 40-லும் தேற வேண்டும். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30, மைனஸ் 35. இப்படியே ஐந்தைந்து டிகிரியாக ஏறிக்கொண்டு போகும். 20டபிள்யூ ஆயிலுக்கு ஸ்டார்ட்டர் சோதனை மைனஸ் 15-லேயே முடிந்துவிடுகிறது. வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளின் சராசரிக் குளிரே மைனஸ் 20-க்குக் கீழே போய்விடும்.

இரண்டாவது சோதனை சும்மா வந்துவிடவில்லை. 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், சூ ஃபால்ஸ் நகரைச் சுற்றி ஏராளமான கார் எஞ்சின்கள் அடுத்தடுத்துப் பழுதாயின. கார்கள் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதல்ல பிரச்சினை. நன்றாகவே ஸ்டார்ட் ஆயின. ஆனால் குளிர் மெல்ல மெல்ல இறங்கிய அந்த இரவுகளில் சில ஆயில்கள் அடித்தட்டில் ஜெல்லியாக உறைந்துவிட்டன. பம்ப் சுற்றியது, ஆயில் மேலே ஏறவில்லை. வறண்ட உலோகத்தோடு உலோகம் உராய்ந்து எஞ்சின்கள் வீணாயின. அதுவரை இருந்த சோதனைகள் இதைப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு ஆயிலை இரண்டு நாள் போல மெதுவாகக் குளிர வைத்து, அதற்கப்புறம் பம்ப் ஆகிறதா என்று பார்க்கும் சோதனை தரவிதிக்குள் வந்தது. குளிரில் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று நிம்மதி அடைகிறவர்கள் சூ ஃபால்ஸை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வண்டி ஓட்டிப் பழகியவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறியிருக்கிறது. ஆயில் கெட்டியாக இருந்தால்தான் எஞ்சினுக்கு நல்லது, தண்ணீர் மாதிரி ஓடும் ஆயில் எஞ்சினைத் தின்றுவிடும் என்பது அது. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆயில்களை ஊற்றி, 40 டிகிரி வெயிலில் பழைய எஞ்சின்களை ஓட்டிய அனுபவத்தில் பிறந்த நம்பிக்கை. அந்த ஊருக்கும் அந்த எஞ்சினுக்கும் அது சரியாகவே இருந்தது. அதே நம்பிக்கையோடு டொராண்டோவுக்கோ ஆஸ்லோவுக்கோ குடிபெயர்ந்து, 0டபிள்யூ-20 கேட்கும் காருக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கெட்டியான ஆயிலை ஊற்றச் சொல்வதில்தான் தவறு தொடங்குகிறது. எஞ்சினுக்குள் தேய்மானம் அதிகமாக நடப்பது, குளிர்ந்து கிடந்த வண்டியை ஸ்டார்ட் செய்த அந்த முதல் கட்டத்தில். அப்போது ஆயில் எவ்வளவு சீக்கிரம் மேலே போய்ச் சேர்கிறது என்பதுதான் முக்கியம். கெட்டியான ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும்.

0டபிள்யூ வகைக்குப் பெரும்பாலும் சிந்தெடிக் ஆயில்தான் சரிப்படும். கச்சா எண்ணெயிலிருந்து நேரடியாக எடுத்த மினரல் ஆயிலில் மெழுகுத் தன்மை மிச்சம் இருப்பதால் அவ்வளவு குளிரை அது தாங்குவதில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பல சோதனைகளின் சராசரியில் சிந்தெடிக் ஆயில் சாதாரண ஆயிலைவிட 47 சதவீதம் மேலாக இருந்தது. அதற்கு ஆகும் கூடுதல் செலவு மாதத்துக்கு ஏறத்தாழ 5 டாலர் என்றும் அந்தச் சங்கம் கணக்கிட்டது. ஒரு காபியும் ஒரு டோனட்டும் வாங்கும் காசு.

அடுத்தது எப்போது மாற்றுவது என்ற பழைய சண்டை.

வட அமெரிக்காவில் ஆயில் மாற்றிக்கொண்டு கராஜைவிட்டு வெளியே வரும் காரின் முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அடுத்த மாற்றம் 3,000 மைலில், அல்லது 5,000 கிலோமீட்டரில், அல்லது மூன்று மாதத்தில். அந்த எண் 1970-களின் எஞ்சினுக்கும் ஆயிலுக்கும் பொருந்திய எண். இன்றைய கார்களுக்குத் தயாரிப்பாளர்களே 8,000 முதல் 16,000 கிலோமீட்டர் வரை சொல்கிறார்கள். டொயோட்டா தன் 0டபிள்யூ-20 சிந்தெடிக் கார்கள் பலவற்றுக்கு 10,000 மைல் அல்லது ஓராண்டு என்கிறது. கலிஃபோர்னியா மாநில அரசு, ‘3,000 மைல்’ பழக்கத்தை விட்டுவிடுங்கள், கையேட்டைப் பாருங்கள் என்று பிரசாரமே நடத்தியது. காரணம் சுற்றுச்சூழல். ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுத்துவிட முடியும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை.

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். கறுப்பு, பல சமயம் ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். கரித்துகள்களை ஒன்றுசேர விடாமல் மிதக்க வைக்கும் வேதிப்பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. கறுக்காத ஆயில்தான் சில நேரம் சந்தேகத்துக்குரியது.

ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஸ்டிக்கரை நம்பினால் நான்கு முறை ஆயில் மாற்ற வேண்டும். கையேட்டை நம்பினால் இரண்டு முறை போதும். ஸ்டிக்கர் யாருடைய நலனுக்காக ஒட்டப்படுகிறது என்று சொல்லத் தேவையில்லை. இந்த இடத்தோடு கட்டுரையை முடித்துக்கொண்டு, கையேடு வாழ்க என்று போய்விடலாம். நுகர்வோர் பத்திரிகைகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் குளிர்நாட்டில் கதை அதற்குப் பிறகுதான் சிக்கலாகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் அது. எஞ்சின் சூடாக இருந்தால் நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே கசியும் நீராவி அங்கேயே குளிர்ந்து ஆயிலில் இறங்குகிறது. அதோடு, குளிர்ந்த எஞ்சினை ஓட வைக்கக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிறது. முழுக்க எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் வடிகிறது. அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் ஆயில் சூடேறி இரண்டும் ஆவியாகிப் போய்விடும். அரை மணி ஓட்டாவிட்டால்?

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு சாதாரண ஜனவரி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஐந்து நிமிடம். அங்கிருந்து சப்வே ஸ்டேஷன் நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம். எட்டு மணி நேரம் கார் குளிரில் நிற்கும். மாலையில் திரும்பும் வழியில் தமிழ்க் கடையில் ஒரு நிறுத்தம், கோயிலில் ஒரு நிறுத்தம். அன்றைக்கு மொத்தம் 20 கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். ஆயில் ஒருமுறைகூட முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டின் சூடு. ஆயில் சூடேற அதைவிட வெகுநேரம் ஆகும்.

இப்படி ஓடும் கார்களில் பனிக்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், உள்பக்கம் பால் ஏடு போல வெண்மஞ்சள் படலம் ஒட்டியிருக்கும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய பில் போட இது நல்ல வாய்ப்பு. பெரும்பாலான நேரங்களில் அது வெறும் நீராவி ஆயிலோடு கலந்த நுரை. ஒரு நீண்ட பயணத்தில் கரைந்துவிடும். கூலண்ட் அளவு குறையாமல், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. அதே சமயம் அந்தக் கார் குறுகிய ஓட்டங்களிலேயே காலம் தள்ளுகிறது என்பதற்கு அது சாட்சி.

2018-ல் இந்த விவகாரம் பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது. ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் பொருத்திய சிஆர்-வி கார்களில், வட சீனாவின் குளிர் மாகாணங்களில், டிப்ஸ்டிக்கைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை. குளிரில், குறுகிய ஓட்டங்களில் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. நிறுவனம் முதலில் முன்வைத்த திருத்தத் திட்டத்தைச் சீனத் தர ஆணையம் ஏற்கவில்லை. புதிய சிஆர்-வி விற்பனை அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. அதே புகார் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் எழுந்தது. எஞ்சின் சீக்கிரம் சூடேறும்படி மென்பொருளை மாற்றியும், உத்தரவாதக் காலத்தை நீட்டித்தும் ஹோண்டா சமாளித்தது.

அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் பலர் அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள்தான். அவர்கள் ஓட்டிய விதமும் விசித்திரமானதல்ல. குளிர்நாட்டு நகரவாசி எவரும் ஓட்டுகிற விதம். உலகின் தேர்ந்த எஞ்சின் நிறுவனங்களில் ஒன்றே குளிர்நாட்டின் அன்றாடத்தைச் சரியாகக் கணிக்கவில்லை என்றால், ‘சாதாரணப் பயன்பாடு’ என்று அச்சிடும்போது அவர்கள் மனக்கண்ணில் எந்த ஊர் இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

‘கடுமையான பயன்பாடு’ என்றால் என்ன என்பதற்குப் பல கையேடுகளில் இப்படி விளக்கம் இருக்கும்: ஒரு ஓட்டத்துக்கு 8 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுவது, உறைகுளிர் என்றால் 16 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுவது, நீண்ட நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது, உப்பு தூவிய சாலையில் ஓட்டுவது, சரக்கு இழுப்பது. கனடாவின் எந்த நகரத்திலும் ஜனவரி மாதத்தில் இதில் அடங்காத கார் எது? இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட காலமும் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் வந்த சில ஹோண்டா கையேடுகளில், கனடா வாடிக்கையாளர்கள் கடுமையான பயன்பாட்டுக்குரிய அட்டவணையைப் பின்பற்ற வேண்டும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். குழப்பமே இல்லாத வரி.

பிறகு அந்த இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. ஆயிலின் ஆயுள் இத்தனை சதவீதம் மீதம் என்று டாஷ்போர்டில் காட்டும் வசதியை ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. இப்போது பெரும்பாலான கார்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பலரும் அது ஆயிலைச் சோதித்துப் பார்த்துச் சொல்கிறது என்று நம்புகிறார்கள். பெரும்பாலான கார்களில் அப்படிச் சோதிக்கும் கருவி எதுவும் இல்லை. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது, எவ்வளவு சூட்டில் சுற்றியது என்பதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. நல்ல கணக்குத்தான், குளிரில் ஸ்டார்ட் செய்வதையும் கணக்கில் சேர்க்கிறது. ஸ்டிக்கரைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் தவறான ஆயிலை ஊற்றியிருந்தாலோ, பெட்ரோல் கலந்து அளவு ஏறியிருந்தாலோ அதற்குத் தெரியாது. அதற்கு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும் மனிதர் ஒருவர் வேண்டும். சில ஐரோப்பியக் கார்களில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

தயாரிப்பாளர்கள் ஏன் நீண்ட இடைவெளியையே முன்னால் வைக்கிறார்கள்? பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரம் செய்ய அது உதவுகிறது. ஐந்தாண்டு உடைமைச் செலவை ஒப்பிடும் பட்டியல்களில் கார் நல்ல இடம் பிடிக்கும். எஞ்சின் உத்தரவாதக் காலத்தைத் தாண்டிய பிறகு வரும் கோளாறு மூன்றாவது சொந்தக்காரரின் தலைவலி. ஒரு பக்கம் ஸ்டிக்கர் ஒட்டும் கராஜ், இன்னொரு பக்கம் விளம்பரம் செய்யும் தயாரிப்பாளர். இருவருக்கும் நடுவில் உண்மை எண் ஒன்று இருக்கிறது. குறுகிய ஓட்டமாக ஓடும் குளிர்நாட்டுக் காருக்கு 8,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இதில் எது முந்துகிறதோ அது என்பது பல கையேடுகளின் ‘கடுமை’ அட்டவணையோடு ஒத்துப்போகிற நியாயமான எண். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டும் ஓய்வுபெற்றவர், ‘நான்தான் ஓட்டுவதே இல்லையே’ என்று இரண்டாண்டு தள்ளிப்போடுவது பெரும் தவறு. அவருடைய ஆயிலில்தான் தண்ணீர் அதிகம்.

இந்த இடத்தில் லடாக்கை நினைவுகூரலாம். குளிர்ந்தால் டீசலில் உள்ள மெழுகு பிரிந்து உறைகிறது. கார்கில், லடாக், இமாச்சலத்தின் காஸா, கேலாங் பகுதி ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் இதோடு மல்லுக்கட்டினார்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைப் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அங்கே அனுப்பத் தொடங்கியது. ஓட்டுநரே பார்த்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்று விடாமல், ஊருக்கு ஏற்ற சரக்கையே பங்க்கில் கிடைக்கச் செய்தார்கள். கனடாவில் டீசல் விஷயத்தில் இது வெகுகாலமாகவே நடக்கிறது. கையேட்டு அட்டவணைக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

ஆயிலைத் தாண்டிப் பனிக்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. ‘விண்டர் பேக்கேஜ்’ என்ற பெயரில் கராஜ்கள் விற்கும் நீண்ட பட்டியலில் பாதி வெறும் அலங்காரம். உண்மையிலேயே நடுரோட்டில் நிற்க வைப்பவை பேட்டரி, கூலண்ட், டயர் ஆகியவைதான்.

பேட்டரியின் பலம் 0 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், மைனஸ் 18-ல் பாதிக்கு மேலும் குறைந்துவிடும் என்கிறது ஏ.ஏ.ஏ. ஆயில் இறுகுவதால் எஞ்சினைச் சுழற்ற அதே நேரத்தில் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். தேவை ஏறும்போது இருப்பு இறங்குகிறது. இதில் வேடிக்கை, பேட்டரியைக் கெடுப்பது குளிர் அல்ல, கோடை. ஜூலை வெயிலில் உள்ளே அரித்துப்போன பேட்டரி, டிசம்பரில் முதல் கடுங்குளிர் காலையில் காட்டிக்கொடுக்கிறது. நான்காண்டு கடந்த பேட்டரியை அக்டோபரிலேயே சோதித்துவிடுவது புத்திசாலித்தனம். உதிரிபாகக் கடைகள் பலவற்றில் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள். புதிது வாங்கும்போது சி.சி.ஏ. என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு எவ்வளவு மின்சாரம் தர முடியும் என்பதன் அளவு அது.

கூலண்ட்டில் ஒரு விநோதம் இருக்கிறது. அதன் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால், தண்ணீர் கலக்காவிட்டால், மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். எனவே ‘குளிர் அதிகமாச்சே’ என்று தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றுகிறவர் தன் காரைத் தானே பலவீனப்படுத்துகிறார். கோடையில் அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றி மறந்தவர் நிலை இன்னும் மோசம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. அந்த விரிவை எஞ்சின் பிளாக்கின் இரும்பும் தாங்காது. சில டாலருக்குக் கிடைக்கும் ஒரு சோதனைக் குழாய் உண்மையைச் சொல்லிவிடும்.

டயரில் கியூபெக் மாநிலம் மற்றவர்களுக்கு முன்மாதிரி. 2008 குளிர்காலம் முதல் அங்கே குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். முதலில் டிசம்பர் 15 என்று இருந்த தொடக்க நாளை 2019-ல் டிசம்பர் 1 ஆக முன்னால் நகர்த்தினார்கள். மார்ச் 15 வரை நீடிக்கும். ஒன்டாரியோ கட்டாயப்படுத்தவில்லை. 2016 முதல், குளிர்கால டயர் போட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதியோடு நிறுத்திக்கொண்டது. தள்ளுபடி நல்லதுதான், ஆனால் பிரேக் பிடித்தும் நிற்காமல் வந்து இடிக்கும் பின்வண்டிக்காரர் தள்ளுபடி வேண்டாம் என்று முடிவு செய்தவராக இருந்தால் முன்வண்டிக்காரர் என்ன செய்வார்? சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனி விழுந்தால்தான் குளிர்கால டயர் என்பது தவறான கணக்கு. மலைச்சிகரத்துக்குள் பனித்திவலை வரைந்த சின்னம் பக்கச்சுவரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெப்பம் 5 டிகிரி குறையும்போது காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. குறையும் என்பதால் மாதம் ஒருமுறை அதையும் பார்ப்பது நல்லது.

கடைசியாக, காலையில் 15 நிமிடம் காரை ஓடவிட்டு உள்ளே போய் டீ குடித்துவிட்டு வரும் பழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இப்போது இல்லை. சும்மா ஓடும் எஞ்சின் மெதுவாகச் சூடேறும். அந்த நேரம் முழுக்கப் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடியைச் சுத்தம் செய்துவிட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதே எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கும் வழி. டொராண்டோ மாநகர விதிப்படி 60 நிமிடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவதே குற்றம். எஞ்சினைச் சூடேற்றும் மின்கருவியான பிளாக் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அதை இரவு முழுக்கச் செருக வேண்டியதில்லை. ஒரு டைமர் போட்டு, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இயக்கினால் போதும். மைனஸ் 20 டிகிரியில் அது எரிபொருளில் 10 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்கிறது கனடாவின் இயற்கை வளத் துறை.

கனடாவின் போக்குவரத்து அமைச்சகம் பகல்நேர விளக்கை எல்லாப் புதிய கார்களுக்கும் 1989 டிசம்பரிலிருந்து கட்டாயமாக்கியது. அந்த நாட்டின் வெளிச்சத்துக்கு ஏற்ற விதி அது. அங்கே விற்கும் ஒவ்வொரு காரின் பராமரிப்பு அட்டவணையிலும் குளிர்காலக் குறுகிய ஓட்டத்தையே இயல்பாக வைத்து அச்சிட வேண்டும் என்று உத்தரவிட அதைவிடப் பெரிய துணிவு தேவையில்லை. ஒரு பக்கத்தை இடம் மாற்றி அச்சிடும் வேலைதான். அதுவரைக்கும், குளிர்நாட்டில் கார் வைத்திருக்கும் வாசகர்கள் இந்த அக்டோபருக்குள் கையேட்டைத் திறந்து, ‘கடுமையான பயன்பாடு’ என்ற பத்தியைத் தேடிப் பிடித்து, அதில் உள்ள ஆயில் எண்ணையும் இடைவெளியையும் ஒரு தாளில் எழுதி, முன்கண்ணாடி ஸ்டிக்கர் இருக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.